சிலோனைப் பார்த்த கம்பம்

மருதப்பன் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். டீக்கடையில் அவன் ஒரு டீ கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று சங்கரன்கோவிலில் கேலி பேசுவார்கள். அவன் கோபக்காரன் அல்ல. பதினாறு வயதில் விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தவன், நாற்பத்தெட்டு வயது வரை அந்த இரைச்சலிலேயே கிடந்தான். இருபத்து நான்கு தறி ஒன்றாக அடிக்கிற இடத்தில் முப்பது வருஷம் நின்றால் காது என்னத்துக்கு ஆகும். இடது காது பாதி போய்விட்டது, வலது காது ஏதோ பேருக்கு இருந்தது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துவான், அவ்வளவுதான்.

கூடத்துக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசினாலும் புண்ணியமில்லை. எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கத்தரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் குறுக்கு நூல் சுற்றிய தார் தீர்ந்துவிட்டது, புதிது வேண்டும். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இப்படி நூறு, நூற்றைம்பது சாடைகள் உண்டு. கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தண்ணீர் பட்ட பாடு.

அந்தக் கைப்பேச்சுதான் அவன் மகள் பூமாரிக்குத் தாய்மொழியாயிற்று. அவள் பிறவியிலேயே காது கேளாதவள். இரண்டு வயது வரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு தாய் முப்பிடாதி, ஊர்க் கோயிலின் புற்றுமண்ணை எடுத்து வந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையின் காதுக்குப் பின்னால் பூசினாள். பன்னிரண்டு வருஷம் பூசினாள். பாளையங்கோட்டையில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் இருக்கிறது, கொண்டுபோய் விடு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு இருக்க முப்பிடாதியால் முடியாது. மருதப்பனாலும் முடியாது, ஆனால் பழியைப் பெண்டாட்டி மேலேயே போட்டுவிட்டுச் சும்மா இருந்துகொண்டான். பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தன் கூடத்துச் சாடையைச் சொல்லிக்கொடுத்தான்.

பத்தொன்பது வயதில் பூமாரி நல்ல களையான பெண். வீட்டில் ராட்டை போட்டுத் தார் சுற்றினாள். இரண்டு பேர் பெண் பார்க்க வந்து காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், அப்புறம் தகவல் இல்லை. தெருவில் அவளுக்கு விரோதி ஒருத்தியும் கிடையாது. சிநேகிதி என்றும் ஒருத்தி கிடையாது. குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டு நிற்பார்கள், இவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். கல்யாண வீட்டில் இலை எடுப்பாள். எங்கேயும் அவள் இருப்பாள், யாரும் அவளைத் தேட மாட்டார்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம் அதே தெருவில் சுபைதா பேகம் வீட்டுக்கு டிவி வந்தது. அவள் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்த்தவர், லீவில் வந்தபோது கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைப் பெட்டி, சேனல் மாற்றுவதற்குத் திருகுகிற குமிழ். அப்போது மெட்ராஸ் டிவி நம் பக்கம் எட்டிப் பார்க்காது. உயரமாக இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே பார்க்கக் கட்டினால், கடலைத் தாண்டி சிலோன் டிவியின் படம் வந்து விழும். அதுவும் முக்கால்வாசி நேரம் சிங்களம்தான். தெருப் பெண்கள் அத்தனை பேரும் சாயந்தரம் வேலையை முடித்துவிட்டுப் போய் அந்தச் சிங்கள நாடகத்தைப் பார்த்தார்கள்.

"சிலோன்ல நம்ம ஆள்கள அடிக்கான், நீங்க அவன் நாடகத்தப் பாக்கியளா" என்று இளவட்டங்கள் கேட்டபோது, "வேற ஒண்ணும் விழ மாட்டேங்கு, நாங்க என்னலே செய்ய" என்றாள் வள்ளித்தாய். தெருவில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

பூமாரியும் போனாள். முதல் நாள் வாசல் பக்கம் உட்கார்ந்தாள். திரையில் ஒரு கிழவி பெட்டிக்குள் எதையோ ஒளிக்கிறாள், மருமகள் அழுகிறாள், புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். கூட்டத்தில் ஒருத்திக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. "இவ எதுக்கு இப்ப அழுதா" என்று வள்ளித்தாய் யாரையும் குறிப்பாகக் கேட்காமல் கேட்டாள். பூமாரி அவள் முகத்தைப் பார்த்து, என்ன கேட்டிருப்பாள் என்று ஊகித்து, கையைத் தூக்கினாள். கிழவி ஒளித்தது மருமகளின் நகை. புருஷனுக்கு அது தெரியும். அவன் போகிற இடத்தில் வேறொருத்தி இருக்கிறாள். இத்தனையையும் கையாலும் கண்ணாலும் சொல்லி முடித்தாள். அந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேர் தறிக்கூடத்தில் கூலிக்கு நின்றவர்கள். புரியாமல் என்ன. அடுத்த வாரம் அந்தப் புருஷன் நிஜமாகவே வேறொரு வீட்டுக் கதவைத் தட்டினான். வள்ளித்தாய் எழுந்து போய் பூமாரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் உட்கார வைத்தாள்.

பிறந்ததிலிருந்து முகத்தைப் பார்த்தே உலகத்தைப் படித்தவள் அவள். பாஷை தெரியாத நாடகத்தில் எல்லோரும் செவிடுதான், அவள் ஒருத்திதான் கெட்டிக்காரி. அன்று முதல் அவள் வராமல் பெட்டியைப் போட மாட்டார்கள். அவள் டிவிக்குப் பக்கத்தில் ஒருக்களித்து உட்காருவாள், எல்லோருக்கும் கை தெரியவேண்டும் அல்லவா. சிங்களத்துக்காரன் எழுதிய கதையும் பூமாரி சொன்ன கதையும் ஒன்றுதானா என்பது அவனுக்கே வெளிச்சம். ஆனால் குழாயடியில் பெண்கள் இப்போது அவள் தோளைத் தட்டிக் கூப்பிட்டு, அடுத்த வாரம் அந்தக் கிழவி என்ன செய்வாள் என்று கேட்டார்கள்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு சுபைதா பேகத்தின் வீட்டுக்காரர் கடையநல்லூரில் வீடு கட்டி முடித்தார், குடும்பம் அங்கே மாறுவதாக இருந்தது. துபாயிலிருந்து கலர் டிவி வருகிறது, பழையதை விற்றுவிட்டுப் போகப் போகிறார்கள். ரேடியோ ரிப்பேர் கடை காளிராஜ் வந்து பார்த்து ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் பேசிவிட்டான். தெருவில் வேறு டிவி கிடையாது.

மருதப்பனுக்கு இது தெரிந்தது பூமாரி மூலம்தான். சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, நான்கு மூலையாகப் பெட்டியை வரைந்து காட்டி, இரண்டு விரலால் கத்தரித்தாள். இழை அறுந்துவிட்டது. அவன் பாதிச் சோற்றிலேயே கை கழுவினான்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் சுபைதா பேகம் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தங்கச்சி, அந்தப் பெட்டிய எனக்குக் குடுக்கியளா" என்று தெருவே கேட்கும்படி கேட்டான்.

"மெதுவா பேசுங்க அண்ணாச்சி. உங்களால முடியுமா?"

"முடிஞ்சதத் தாரேன். ஆயிரத்து நூறு எங்கிட்ட இல்ல."

"எண்ணூறு குடுங்க. கம்பம், வயர் எல்லாம் சேத்து எடுத்துக்கிடுங்க. பூமாரிக்குன்னுதான் சொல்லுதேன், வேற ஆளுன்னா குடுக்க மாட்டேன். சைடுல ஒரு தட்டுத் தட்டுனாத்தான் படம் நிக்கும், அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

அவன் கையில் முந்நூறு ரூபாய்கூட இல்லை. வீட்டில் ஐந்நூற்றுச் சொச்சம் இருந்தது. பூமாரியின் கம்மலுக்கென்று முப்பிடாதி நாலு வருஷமாக அரிசிப் பானைக்குள் சேர்த்த பணம். அவன் வாயைத் திறந்ததுமே அவள் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டப்புள்ள காதுல கெடக்க வேண்டியதக் கொண்டுபோயிப் பெட்டியில போடுதேங்கியளே. வெறுங்காதோட நிக்கிறவள எவன் கெட்டுவான்?"

"காதுக்கு என்னத்தப் போட்டாலும் அவளுக்குக் கேக்கவா போவுது. கண்ணுக்காச்சும் போடுவோம்ட்டி."

"அப்பன் பேசுத பேச்சா இது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மருதப்பன் தன் சைக்கிளை விலை பேசினான், இருநூறுக்கு மேல் ஒருத்தனும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் முப்பிடாதியே பானைக்குள் கையை விட்டுத் துணி முடிச்சை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். முந்தின நாள் சாயந்தரம் மகளைக் கூப்பிடச் சுபைதா பேகம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் உலை வைக்கிற நேரமும் நாடகம் நடக்கிற நேரமும் ஒன்று, அதனால் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கூப்பிடாமலே வந்துவிட்டாள்.

"அங்கன ஒருத்தியும் படத்தப் பாக்கல. எல்லாவளும் நம்ம புள்ள மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்காளுவ" என்றாள். முடிச்சை அவன் பக்கம் தள்ளினாள். "போயி வாங்கிட்டு வாங்க."

சைக்கிளையும் கேட்ட இருநூறுக்கே விற்றான். பெட்டியைத் தலையணை வைத்துக் கட்டித் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஓரறை வீடு, கட்டிலைத் தூக்கி வெளியே போட்டால்தான் ஆள் உட்கார முடியும். போட்டார்கள். கம்பத்தை வீட்டுப் பின்சுவரோடு சேர்த்து நிறுத்தி, மருதப்பனே ஏணி வைத்து ஏறி ஆன்டெனாவைத் தென்கிழக்கே பார்க்க வைத்து இறுக்கினான். அன்றைக்குச் சாயந்தரம் பதினேழு பெண்கள் வந்தார்கள். பூமாரி வாசலில் நின்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். தன் வீட்டுக்கு ஆள் வருகிறது என்பது அவள் ஆயுசில் புதிது.

அவர்கள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தது என்றால் அந்த ஏழு மாசம்தான். மருதப்பன் வெளியே கட்டிலில் உட்கார்ந்து உள்ளே எழும் சிரிப்பைக் கேட்பான், கேட்டவரைக்கும். தினமும் ஒன்றரை மைல் நடந்து வேலைக்குப் போனான், அதைப் பற்றி ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை.

கொடைக்கானல் மலையில் டிவிக்குக் கோபுரம் வந்துவிட்டது, இனி நமக்கும் தமிழ் விழும் என்று காளிராஜ்தான் டீக்கடையில் சொன்னான். "ஆன்டெனாவ வடக்கால திருப்புங்க அண்ணாச்சி. கண்ணாடி கணக்கா விழும்." மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சிங்களத்துக்கே இத்தனை கூட்டம் என்றால் தமிழுக்கு எத்தனை கூட்டம் வரும், பூமாரிக்குச் சொல்வதற்கு எவ்வளவு இருக்கும். இப்படித்தான் அந்த மனிதனின் புத்தி போயிற்று. முப்பது வருஷம் வாய்ப்பேச்சு இல்லாத இடத்தில் நின்றவனுக்கு, வாய்ப்பேச்சு வந்தால் கைப்பேச்சுக்கு வேலை இருக்காது என்று தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காமலே ஏணியில் ஏறி, தன் கையாலேயே கம்பத்தை வடக்கே திருப்பிவிட்டான்.

அன்று சாயந்தரம் அறை கொள்ளவில்லை. நாடகம் ஒன்று போட்டார்கள். இரண்டு பேர் நாற்காலியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அழுகை இல்லை, அடி இல்லை, யாரும் எதையும் ஒளிக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பூமாரி வழக்கம்போல் கையைத் தூக்கினாள். வள்ளித்தாய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக அவள் மடியிலேயே வைத்தாள்.

"ஏட்டி, இரு, கேட்டுக்கிடுதோம்."

அதில் ஒரு வன்மமும் கிடையாது. வள்ளித்தாய் அப்படிப்பட்டவளும் இல்லை. திரையில் ஒருவன் ஏதோ சொன்னான், அறை விழுந்து விழுந்து சிரித்தது. பூமாரி திரையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து, என்ன என்று கையை விரித்தாள்.

மருதப்பன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. இழை அறுந்தது என்று சொல்லலாம், தார் தீர்ந்தது என்று சொல்லலாம், முதலாளி வருகிறார் என்று சொல்லலாம். ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையோடு கோத்துச் சிரிக்க வைக்கிற பேச்சுக்கு அவன் கூடத்தில் சாடை கிடையாது. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைக்குத் தான் கொடுத்தது இவ்வளவுதான் என்று அவனுக்கு அப்போது உறைத்தது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

மூன்று வாரம் பார்த்தான். பூமாரி முன்வரிசையிலிருந்து நகர்ந்து நகர்ந்து அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். குழாயடியில் பெண்கள் நேற்றைய வசனத்தைச் சொல்லிச் சிரித்தார்கள், அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். மருதப்பனால் தாங்க முடியவில்லை. மறுபடி ஏணியில் ஏறி ஆன்டெனாவைச் சிலோனுக்கே திருப்பினான்.

சாயந்தரம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சிங்களம் ஓடியது.

"என்ன அண்ணாச்சி, தமிழு விழலியா?" என்றாள் வள்ளித்தாய்.

"காத்துல திரும்பிட்டு."

"ஏறித் திருப்பிவிடுங்களேன்."

"முட்டு வலிக்கி. பெறவு பாக்கலாம்" என்று கத்தினான். பொய் சொல்லும்போதும் அவனுக்குக் கத்தத்தான் வரும். அவர்கள் மரியாதைக்குப் பத்து நிமிஷம் இருந்துவிட்டு ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். தெருக்கோடியில் கோமதிசங்கர் வாத்தியார் புது டிவி வாங்கியிருந்தார். அடுத்த நாள் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒருவரும் வரவில்லை.

பூமாரி தனியாக உட்கார்ந்து சிங்கள நாடகத்தைப் பார்த்தாள். அழுகிறார்கள், ஒளிக்கிறார்கள், கதவை அடைக்கிறார்கள், எல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஒரு தடவை முப்பிடாதியைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். உலை பொங்கியது, தாய் எழுந்து போய்விட்டாள். அப்புறம் அவள் சொல்ல முயலவில்லை. கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். அதைக் காணச் சகிக்காமல் மருதப்பன் கட்டிலை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ஆறாம் நாள் மத்தியானம் அவள் சோற்றுத் தூக்கோடு தறிக்கூடத்துக்கு வந்தாள். இருபத்து நான்கு தறியும் அடித்துக்கொண்டிருந்தன. தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் தறிக்கு எதிரே வந்து நின்று, ஒரு கையைக் கம்பமாக நிமிர்த்தி, மற்றக் கையால் அதைப் பிடித்து வடக்கே திருப்பிக் காட்டினாள்.

அவன் புரியாதவன்போல் அறுந்த இழையைத் தேடினான். அவள் தோளைத் தட்டித் திருப்பி மறுபடியும் காட்டினாள்.

உனக்கு ஒன்றும் விளங்காதே என்று அவன் காதையும் வாயையும் தொட்டுக் கையை விரித்தான்.

அவள் தலையை ஆட்டினாள், அது தெரியும் என்பதுபோல். பிறகு நிதானமாகச் சொன்னாள். எனக்குப் புரிய வேண்டாம். அவர்கள் வரட்டும். வீடு நிறைய உட்காரட்டும். நான் சும்மா இருந்துகொள்கிறேன்.

அந்தக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரியாத ஆள் ஒருவனும் இல்லை. பக்கத்துத் தறிக்காரன் பார்த்தான், எதிர்த் தறிக்காரன் பார்த்தான். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்கள் நூலைப் பார்த்தார்கள். மருதப்பன் சரி என்று தலையை அசைத்தான். அவள் தூக்கை அவன் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள். அந்த இரைச்சலுக்குள் அவன் வாய்விட்டு அழுதான், ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

சாயந்தரம் ஏணியில் ஏறித் திருப்பினான். இறங்கியதும் வள்ளித்தாய் வீட்டு வாசலில் போய் நின்று, முட்டு வலி சரியாகிவிட்டது, தமிழ் தெளிவாக விழுகிறது, எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். வாத்தியார் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டியிருந்ததால் பெண்களுக்கும் இந்த வீடுதான் தோது. இரண்டே நாளில் அறை பழையபடி நிறைந்தது. பூமாரி வாசலில் நின்று கையைப் பிடித்து அழைத்தாள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் டிவிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, கூட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தாள். திரையை அவள் பார்க்கவே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் யாரோ ஏதோ சொன்னார்கள், பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த முகங்கள் மலர்வதைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி பிந்தி, அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை.

மருதப்பன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அடுத்த தடவை அறை சிரித்தபோது அவனுக்கும் அந்த வசனம் காதில் விழுந்திருந்தது, நல்ல வேடிக்கைதான். ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். மகள் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் அவனும் சிரித்தான், அவள் மட்டும் தனியாகப் பிந்தக் கூடாது என்று.